கேப்டன் குறட்டை விடுகிறார்!

பஸ்ஸில் பக்கத்து சீட் ஆசாமி குறட்டை விட்டுக்கொண்டே உங்கள் தோளில் சாய்ந்தால் முழங்கையால் லேசாக ஒரு இடி கொடுக்கலாம். ஆபீஸில் மேலதிகாரி குறட்டை விட்டால் ஃபைலைக் கொஞ்சம் சத்தமாக மேஜை மேல் வைக்கலாம். நீங்கள் ஏறி உட்கார்ந்திருக்கிற விமானத்தின் கேப்டன் ஒரு குறட்டைப் பேர்வழி என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்?

இறங்கி ஓடாதீர்கள். அந்தப் பேர்வழி நான்தான். ஏர்பஸ் ஏ320 ஓட்டுகிறேன். எந்தக் கம்பெனிக்கு என்று மட்டும் கேட்காதீர்கள், வேலை வேண்டும். கொஞ்ச காலமாக ராத்திரியில் மூக்கின் மேல் ஒரு மாஸ்க்கும், அதிலிருந்து ஆறடிக் குழாயும், குழாயின் மறு முனையில் டிபன் பாக்ஸ் சைஸில் ஒரு மெஷினும் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன். மெஷினின் பெயர் சி-பேப். மனைவி இல்லாமல்கூட வெளியூர் போவேன், அது இல்லாமல் போக மாட்டேன். (இந்த வரியை அவளிடம் காட்டி அனுமதி வாங்கியாகிவிட்டது.)

எங்கள் வீட்டில் குறட்டை பரம்பரைச் சொத்து. பல்லாவரத்தில் வீடு. மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானமெல்லாம் தலைக்கு மேலே போகும். வருகிற விருந்தாளிகள், "இந்தச் சத்தத்துல எப்படிங்க தூங்கறீங்க?" என்று கேட்பார்கள். ஒரு ராத்திரி தங்கிப் பார்த்தபின், "எந்தச் சத்தத்தைச் சொன்னோம்?" என்று அவர்களுக்கே சந்தேகம் வந்துவிடும். அப்பா அப்படி. நியூஸ் பேப்பரை முகத்துக்கு நேராக விரித்துப் பிடித்தபடியே தூங்கும் வித்தை அவருக்குத் தெரியும். "மனுஷன் அலுத்து வந்து நிம்மதியா தூங்கறார்" என்பாள் அம்மா.

குறட்டை விடுகிறவன் நிம்மதியாகத் தூங்குகிறான் என்று இந்த நாட்டில் ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது. சகுனம் பார்ப்பதை விட்டவர்கள்கூட இதை விடவில்லை.

எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் குறட்டை ஒரு பிரச்னையே இல்லை. தோசைக்கு மாவு அரைக்கிற சத்தம் மாதிரி பழகிவிட்டது என்றாள் மனைவி. ஒருநாள் காலையில் காபியை நீட்டிக்கொண்டே, "என்னங்க, நீங்க குறட்டை விடறதைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்லை. அது நடு நடுவுல நிக்குதே... அதுதான் பயமா இருக்கு" என்றாள்.

"நின்னா நல்லதுதானே?"

"குறட்டை மட்டும் நிக்கலைங்க. மூச்சே நிக்குது. நேத்து ராத்திரி எண்ணிப் பார்த்தேன். நாப்பது வரைக்கும் எண்ணிட்டேன். உலுக்கலாம்னு கையை எடுக்கறேன், கிணத்துல முங்கி எழுந்த மாதிரி 'ஹக்'குனு ஒரு சத்தம். அப்புறம் மறுபடி ஆரம்பிச்சிட்டீங்க. உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா?"

ஒன்றுமே தெரியவில்லை. இந்த வியாதியின் சாமர்த்தியமே அதுதான். இருப்பவனுக்குத் தெரியாது, பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். ஆகவே பிரம்மச்சாரி வாசகர்கள் ரூம் மேட் சொல்வதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கவும்.

வியாதியின் பெயர் ஸ்லீப் ஆப்னியா. விஷயம் சிம்பிள். தொண்டைக்குள் எலும்பு கிடையாது, வெறும் சதைக் குழாய். விழித்திருக்கும்போது அங்குள்ள தசைகள் அதை விறைப்பாகத் திறந்து வைத்திருக்கின்றன. தூங்கினால் தளர்கின்றன. சிலருக்கு நாக்கும் உள்நாக்கும் பின்னால் சரிந்து வழியை அடைத்துவிடும். ஜூஸ் கடையில் காகித ஸ்ட்ரா ஊறிப்போய், உறிஞ்ச உறிஞ்ச ஒட்டிக்கொள்ளுமே, அதேதான். பாதி ஒட்டினால் குறட்டை. முழுக்க ஒட்டினால் நிசப்தம். மூச்சு நின்று 10 விநாடி ஆனால் டாக்டர்கள் கணக்கில் அது 'ஒன்று'. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கியதும் மூளை பதறி, ஓரிரு விநாடி உங்களை எழுப்பி, வழியைத் திறந்துவிட்டு, மறுபடி தூங்க வைக்கிறது. காலையில் உங்களுக்கு ஞாபகம் இருக்காது. மூளைக்கு ராத்திரி பூரா வாட்ச்மேன் டியூட்டி.

இப்படி மணிக்கு 5 தடவைக்குள் என்றால் பரவாயில்லை. 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. ஒரு ராத்திரியில் ஆறேழு மணி நேரத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்.

எட்டு மணி நேரம் கட்டிலில் கிடந்தும் காலையில் தலை கனக்கிறது, வாய் உலர்ந்து கிடக்கிறது, ராத்திரி இரண்டு மூன்று தடவை பாத்ரூம், மதியம் மீட்டிங்கில் ப்ரொஜெக்டர் போட்டு லைட்டை அணைத்ததும் கண் சொருகுகிறது, சின்ன விஷயத்துக்குச் சுள்ளென்று கோபம்... 'எனக்கும் இருக்கே' என்று உங்களில் பாதிப் பேர் சொல்வது காதில் விழுகிறது. இதில் பலவற்றுக்கு ராத்திரி ஒரு மணி வரை செல்போனும் காரணமாக இருக்கலாம். ஆனால் டூ வீலரில் சிக்னலில் நிற்கும்போதே கண் சொருகினால் செல்போனை மட்டும் திட்டாதீர்கள். டாக்டரைப் பாருங்கள்.

சரி, எனக்கென்ன, டாக்டரிடம் போவது ஒரு பெரிய விஷயமா? விமானிக்குப் பெரிய விஷயம்தான். எங்கள் பிழைப்பு ஒரு காகிதத்தில் இருக்கிறது. முதல் வகுப்பு மெடிக்கல் சர்டிபிகேட். வருஷா வருஷம் கண், காது, இதயம், ரத்தம் எல்லாம் பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். 60 வயது தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. அந்தக் காகிதம் போனால் நானும் பயணிதான், அதுவும் காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிற பயணி. வீட்டுக் கடன், பெண்ணின் ஸ்கூல் ஃபீஸ், அப்பாவின் மருந்து எல்லாம் அந்தக் காகிதத்தின் மேல்தான் நிற்கிறது. ஆகவே எங்கள் ஜாதியில் டாக்டர் என்றால் இன்கம்டாக்ஸ் ஆபீசர் மாதிரி. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வோம்.

ஒரு சீனியர் கேப்டனிடம் யோசனை கேட்டேன். ரிட்டயர் ஆகப் போகிறவர். நல்ல மனிதர். "தம்பி, எடையைக் குறை, ஒருக்களிச்சுப் படு. ஆனா மெடிக்கல்ல மட்டும் வாயைத் திறக்காதே" என்றார்.

"வாயைத் திறந்துதான் சார் தூங்கறேன், அதுதான் பிரச்னை" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அவர் பயந்தது நியாயம்தான். ஆனால் என் மனதில் வேறு ஒரு கேஸ் ஓடிக்கொண்டிருந்தது. 2008 பிப்ரவரி 13. அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளில் ஹொனலுலுவிலிருந்து ஹிலோ என்ற ஊருக்கு ஒரு சின்ன ஜெட். 40 பயணிகள். பறக்கும் நேரம் சுமார் 50 நிமிடம். நடு ராத்திரி இல்லை, பளபளவென்று காலை வெயில். 21,000 அடியில் போய்க்கொண்டிருந்த விமானத்தைக் கன்ட்ரோல் ரூமிலிருந்து கூப்பிடுகிறார்கள், கூப்பிடுகிறார்கள், பதிலே இல்லை. சுமார் 18 நிமிடம். விமானம் ஹிலோவைத் தாண்டி, கடல் மேல் இன்னும் 26 கடல் மைல் போய்விட்டது. கேப்டனும் தூக்கம், கோ-பைலட்டும் தூக்கம். நல்லவேளை, விழித்துத் திரும்பிப் பத்திரமாக இறங்கிவிட்டார்கள். விசாரணையில் அவர்களுடைய அதிகாலை டியூட்டிகளும் பேசப்பட்டன. ஆனால் இன்னொன்றும் வந்தது. 53 வயது கேப்டனுக்குக் கடுமையான ஸ்லீப் ஆப்னியா. அதைக் கண்டுபிடித்ததே சம்பவத்துக்குப் பிறகுதான்.

தரையிலும் இப்படித்தான். 2013 டிசம்பர் 1, நியூயார்க் அருகே மணிக்கு 30 மைலில் திரும்ப வேண்டிய வளைவில் ஒரு ரயில் 82 மைலில் போய்க் கவிழ்ந்து 4 பேர் இறந்தார்கள். டிரைவருக்கு இருந்த ஆப்னியா அதற்குப் பிறகுதான் தெரிந்தது. நம்ம ஊரில் 2010 மே 22, மங்களூர். 158 உயிர்கள். கேப்டன் வழியில் வெகுநேரம் தூங்கியிருந்தார், விழித்த பின்னும் மூளை முழுதாக விழிக்காத மந்தம் இருந்தது என்று விசாரணை அறிக்கை சொன்னது. காக்பிட் டேப்பில் குறட்டைச் சத்தமே பதிவாகியிருந்தது. அவருக்கு என்ன நோய் என்றெல்லாம் நான் தீர்ப்பு சொல்ல வரவில்லை. இறந்தவர் வந்து பதில் சொல்ல முடியாது. அந்த அறிக்கையைப் படித்த எந்த விமானிக்கும் அன்று ராத்திரி சரியாகத் தூக்கம் வந்திருக்காது, அவ்வளவுதான்.

மெடிக்கல் ஃபாரத்தில் உள்ளதை எழுதினேன். பேனா கொஞ்சம் நடுங்கியது.

தூக்கப் பரிசோதனைக்கு ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். தலையில், கன்னத்தில், மார்பில், காலில் என்று கலர் கலராக ஒயர்களை ஒட்டி, மூக்கில் ஒரு குழாய், விரலில் ஒரு கிளிப், மார்பிலும் வயிற்றிலும் பெல்ட் கட்டி, கல்யாண வீட்டுக்கு சீரியல் செட் போட்ட மாதிரி ஆக்கிவிட்டு, "நார்மலா தூங்குங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனான் அந்தப் பையன். தூங்கினேன் என்பதுதான் ஆச்சரியம்.

ரிசல்ட்: மணிக்கு 34. ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஒரு சமயம் 80-க்குக் கீழே இறங்கியிருந்தது.

இந்த எண் உங்களுக்கு என்ன சொல்லுமோ தெரியாது, எனக்கு வயிற்றைக் கலக்கியது. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்து, உள்ளே இருக்கும் நிலைமை 14,000 அடி உயரத்துக்குச் சமமாகிவிட்டால், உங்கள் தலைக்கு மேலிருந்து மஞ்சள் மாஸ்க் விழும். அதற்கு முன்னாலேயே எங்களுக்குக் காக்பிட்டில் அலாரம் அலறும். பேச்சுக்கே இடமில்லை, முதலில் மாஸ்க், மற்றதெல்லாம் அப்புறம். வருஷா வருஷம் சிமுலேட்டரில் அதைப் பழகுகிறோம். ஏறக்குறைய அந்த மாதிரி உயரத்தில் மாஸ்க் இல்லாமல் உட்கார்ந்தவனுக்கு வருகிற ஆக்ஸிஜன் அளவு, எனக்குப் பல்லாவரத்தில் கடல் மட்டத்துக்குப் பக்கத்தில், கட்டிலில் படுத்தபடியே வந்திருக்கிறது. அலாரம் மட்டும் அடிக்கவில்லை. அலாரம் பக்கத்தில் படுத்து நாற்பது வரை எண்ணிக்கொண்டிருந்தது.

மருந்து? மாத்திரை இல்லை. காற்றுதான். மாஸ்க் வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தால் அந்தக் காகித ஸ்ட்ரா ஒட்டாது. ஆக்ஸிஜன் சிலிண்டர் எல்லாம் கிடையாது, ரூமில் இருக்கும் அதே காற்று. 4-லிருந்து 20 சென்டிமீட்டர் தண்ணீர் அழுத்தம் வரை வைக்கலாம். தலைமாட்டில் ஒரு ஜான் உயரத் தண்ணீரின் அழுத்தம்கூட வராது, அதற்குள் இத்தனை வித்தை. இதைக் கண்டுபிடித்தவர் சிட்னியைச் சேர்ந்த காலின் சல்லிவன் என்ற டாக்டர், 1980-ல். ஆரம்பத்தில் அவர் பயன்படுத்தியது வாக்குவம் கிளீனர் வகையறா மோட்டாராம். அது உறிஞ்சும், இவர் ஊத வைத்தார். 1981-ல் 'லான்செட்' பத்திரிகையில் எழுதினார். அதற்கு முன் கடுமையான கேஸ்களுக்கு உருப்படியான வைத்தியம் ஒன்றுதான், கழுத்தில் ஓட்டை போடுவது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு மாஸ்க் மேல் எனக்குத் தனி மரியாதையே வந்துவிட்டது.

மரியாதை வேறு, தூக்கம் வேறு. முதல் வாரம் நரகம். காற்றை விழுங்கிவிட்டு விடிய விடிய ஏப்பம். மாஸ்க் ஓரத்தில் காற்று கசிந்து, மனைவியின் காதுக்குள் புல்லாங்குழல். மீசைக்காரர்களுக்குக் கஷ்டம், மீசை வழியாகக் கசியும். (நான் மீசையைத் தியாகம் செய்தேன். மூக்கில் சொருகுகிற சின்ன மாஸ்க்கும் இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. மீசை திரும்பி வருகிறது.) காற்று உலராமல் இருக்க மெஷினில் ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. ஏ.சி.யை அதிகம் வைத்தால் அந்த ஈரம் குழாயில் குளிர்ந்து, மூன்று மணிக்கு மூக்கில் சொட்டென்று ஒரு அபிஷேகம்.

என் பெண்தான் முதல் ரசிகை. "அப்பா, நீ ஃபைட்டர் பைலட் ஆயிட்டியா?" என்றாள். கைலி கட்டிய ஃபைட்டர் பைலட்.

பத்தாவது நாளோ என்னவோ, ஒரு காலையில் எழுந்தேன். ஜன்னலில் வெயில். எங்கேயோ என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. யோசித்துப் பார்த்தால் தலைவலி. இத்தனை வருஷமாக எழும்போது கூடவே எழுந்துகொண்டிருந்ததை நான் தலைவலி என்றே நினைத்ததில்லை. காலை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். மனைவியிடம் சொல்லலாம் என்று திரும்பினால் அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நீ தூங்கலையா?"

"சத்தமே இல்லையா, பயம் வந்துடுச்சு. நாலஞ்சு தடவை எழுந்து உங்க நெஞ்சு மேல கை வெச்சுப் பார்த்தேன்."

எத்தனை வருஷமாக இப்படி எழுந்து எண்ணிக்கொண்டிருந்தாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். தற்காலிகமாகத் தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள். கிட்டத்தட்ட நாலு மாதம் வீட்டில். பறந்தால்தான் பறக்கும் படி, ஆகவே பாங்க் பாஸ்புக் இறங்கிக்கொண்டே வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தினமும், "இன்னிக்கும் லீவா?" என்பார். திரும்பப் பறப்பதற்குச் சும்மா 'போட்டுக்கொள்கிறேன் சார்' என்று சொன்னால் போதாது. மெஷினுக்குள் ஒரு கார்டு இருக்கிறது. எத்தனை மணிக்கு மாஸ்க் போட்டேன், எப்போது கழற்றினேன், எவ்வளவு கசிந்தது, மூச்சு எத்தனை தடவை நின்றது, எல்லாம் அதில் பதிவாகிறது. விமானத்துக்குக் கறுப்புப் பெட்டி மாதிரி எனக்குக் கட்டிலில் ஒன்று. அதன் அறிக்கையை டாக்டருக்குக் காட்ட வேண்டும். அமெரிக்காவில் இதற்குக் கணக்கே வைத்திருக்கிறார்கள். தூங்குகிற வேளைகளில் நூற்றுக்கு 75-லாவது மாஸ்க் இருக்க வேண்டும், ஒரு தூக்கத்துக்குச் சராசரி 6 மணி நேரமாவது.

அந்த ஊரிலும் இது சுலபமாக வந்துவிடவில்லை. 2013 நவம்பரில், மிகப் பருமனான விமானிகள் எல்லோரும் தூக்க டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற யோசனையை அங்கே அரசாங்கத்தின் விமான மருத்துவத் தலைவர் முன்வைத்தார். உடல் எடைக் குறியீடு 40-க்கு மேல் என்று கணக்கு. விமானிகள் கொதித்துவிட்டார்கள். 2015 மார்ச்சில் மாற்றி எழுதினார்கள். எடையை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது, சந்தேகமிருந்தால் சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டு, 90 நாளில் பரிசோதனை செய்து வரச் சொல்லலாம் என்று. எனக்கு இதில் பிடித்தது அந்த 90 நாள்தான். உண்மையைச் சொன்ன அன்றே சம்பளம் நின்றுவிடும் என்றால் எவன் சொல்வான்? ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இந்த வியாதி வரும் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். தாடை அமைப்பு, கழுத்து, பரம்பரை என்று பல காரணம்.

எனக்கு வைத்த கடைசிப் பரீட்சைதான் உச்சம். தூங்காமல் இருக்கிற பரீட்சை! மங்கலான ரூம், சாய்ந்து உட்கார வசதியான இடம். தலையில் மறுபடி ஒயர். புத்தகம் கிடையாது, பாட்டு கிடையாது, போன் கிடையாது. 40 நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், தூங்கக் கூடாது. இரண்டு மணி நேர இடைவெளியில் நாலு தடவை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று உண்டு. இந்தப் பரீட்சையை அரசாங்க ஆபீஸ்களில் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே விழித்திருந்து பாஸ் செய்தேன்.

மறுபடி யூனிஃபார்ம் போட்ட நாளிலிருந்து மெஷினின் சுற்றுப்பயணம் ஆரம்பம். முதல் தடை செக்யூரிட்டி. எக்ஸ்ரேயில் மோட்டார், குழாய், ஒயர் எல்லாம் சேர்ந்து பார்க்கச் சகிக்காத உருவமாகத் தெரியும். ஒரு ஊரில் ஒரு ஜவான் பையைத் திறந்து, மாஸ்க்கை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "யே க்யா ஹை, கேப்டன் சாப்?" என்றார். எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினேன். கேட்டுவிட்டு, "உங்க பிளேன்லதான் ஆக்ஸிஜன் மாஸ்க் இருக்குமே, இது எதுக்கு?" என்றார். பின்னால் க்யூவில் ஒரு பயணி, "கேப்டனுக்கு ஆக்ஸிஜன் வேணுமாம்" என்று மனைவியிடம் சொன்னது கேட்டது. அன்றிலிருந்து டாக்டர் சர்டிபிகேட்டை மேல் பாக்கெட்டிலேயே வைத்திருக்கிறேன், கேட்பதற்கு முன் மெஷினை வெளியே எடுத்து டிரேயில் தனியாக வைத்துவிடுகிறேன்.

நீங்களும் இதோடு பயணம் போகிறவர் என்றால் லக்கேஜில் போடாதீர்கள், கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி ஒரு ஊருக்கும் நீங்கள் ஒரு ஊருக்கும் போனால் அன்று ராத்திரி சிவராத்திரி. அமெரிக்க விமானங்களில் 2009-லிருந்து இதைக் கைப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மற்ற இடங்களில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. லித்தியம் பேட்டரி தனியாக வாங்கினால் அது கண்டிப்பாகக் கையோடுதான் வர வேண்டும். 100 வாட்-ஹவர் வரை கேள்வியில்லை, 160 வரை ஏர்லைன்ஸ் அனுமதி வேண்டும், அதற்கு மேல் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பேட்டரி மேல் வோல்ட்டும் ஆம்பியர்-ஹவரும் மட்டும் போட்டிருந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். 24 வோல்ட், 4 ஆம்பியர்-ஹவர் என்றால் 96. தப்பித்தீர்கள்.

கிளம்பும் முன் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். தண்ணீரோடு பையில் சாய்த்தால் நேராக மோட்டாருக்குள் போகும். இதை எழுதிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள் என் மனைவி, கேஸ் சிலிண்டரை மூடு என்பதற்குக் கீழே.

அடுத்தது ஹோட்டல். ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பான், கட்டில் பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்காது. டி.வி.க்குப் பின்னால் ஒன்று, பாத்ரூமில் ஷேவிங்குக்கு ஒன்று. சில ரூமில் இன்னொரு சதி. பாயின்ட் இருக்கும், ஆனால் தலைமாட்டு மெயின் ஸ்விட்சில் லைட்டை அணைத்தால் அதுவும் சேர்ந்து செத்துவிடும். ஆகவே பத்தடி எக்ஸ்டென்ஷன் ஒயர் எப்போதும் என் பெட்டியில். மெஷின் 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் சாப்பிடும், பிளக்கின் கால்தான் ஊருக்கு ஊர் மாறும். சிங்கப்பூர், துபாய் என்றால் சதுரக் கால்.

தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். ஒரு ஹோட்டலில் ரூம் பாயிடம் கேட்டேன். அரை மணி கழித்து ஒரு கேனோடு வந்தான். "பெட்ரோல் பங்க்ல வாங்கிட்டு வந்தேன் சார். காரை எங்கே நிறுத்தியிருக்கீங்க? நானே பேட்டரிக்கு ஊத்திடறேன்." நல்ல பையன். டிப்ஸ் கொடுத்து அனுப்பினேன். பேட்டரித் தண்ணீரை மூக்குக்கு விடுகிற தைரியம் எனக்கில்லை. ஒரு ராத்திரிதான் என்றால் தொட்டி இல்லாமலே ஓட்டிவிடுவேன். தொண்டை கொஞ்சம் வறளும், அவ்வளவுதான்.

விடிகாலை மூன்று மணிக்கு எழுப்புகிற டியூட்டி என்றால் முன்மாலை ஏழு மணிக்கே திரையை இழுத்துவிட்டு மாஸ்க் போட்டுவிட வேண்டும். எங்கள் விதிமுறையில் இரவு 2 மணியிலிருந்து 6 மணி வரை உடம்பு அடிமட்டத்தில் இருக்கும் நேரம் என்றே குறித்திருக்கிறார்கள். மற்றவர்கள் டின்னருக்குக் கூப்பிடுவார்கள், "ஒரே ஒரு பியர், கேப்டன்" என்பார்கள். மது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும். இந்த வியாதிக்காரனுக்கு அது எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெய். 'வீட்டுக்குப் போன் பண்ணணும்' என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவேன்.

ஆரம்பத்தில் அந்தச் சாம்பல் நிறப் பையைக் கேட்டவர்களிடம் லேப்டாப் மாதிரி ஒன்று என்பேன். இப்போது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சொன்னால் ஒரு வேடிக்கை நடக்கிறது. கேட்டவர் முதலில் சிரிப்பார். க்ரூஸில் சீட் பெல்ட் விளக்கை அணைத்து, காபி வந்து, கொஞ்ச நேரம் மேகத்தைப் பார்த்துவிட்டு, "கேப்டன்... என் ஒய்ஃபும் அதான் சொல்றா" என்பார். குரல் தானாகவே தணிந்துவிடும், 35,000 அடியில் யாரோ ஒட்டுக் கேட்கிற மாதிரி. இதுவரை நாலு பேருக்கு டாக்டர் நம்பர் கொடுத்திருக்கிறேன். இரண்டு பேர் போனார்கள். ஒருவர் எடை குறைத்து, இரண்டாவது பரிசோதனையில் மெஷின் வேண்டாம் என்று வந்துவிட்டார், கொஞ்சம் பொறாமைதான். மற்றவருக்கு 41. என்னை ஜெயித்துவிட்டார்.

போன மாதம் அந்த 41-உம் நானும் ஒரே விமானத்தில் கவுஹாத்தி போனோம். ராத்திரி பதினொரு மணி. மாஸ்க்கை எடுத்து மாட்டினால் மூக்கில் உட்காரவே இல்லை. காற்று வேறு மாதிரி வருகிறது. பையைத் திருப்பிப் பார்த்தேன், அதே சாம்பல் நிறம், அதே கம்பெனி, ஆனால் ஜிப்பில் என் பெண் கட்டிவிட்ட சிவப்புக் கயிறு இல்லை. ஓட்டல் வேனில் மாறியிருக்கிறது. போனை எடுப்பதற்குள் கதவு தட்டும் சத்தம். வாசலில் அவர், பெர்முடாவில், கையில் சிவப்புக் கயிறு கட்டின பை.

"ஸாரி கேப்டன், போட்டதும் தெரிஞ்சிடுச்சு. உங்க பிரஷர் எவ்வளவு?"

"பதினொண்ணு. உங்களுக்கு?"

"ஒன்பது."

"பரவாயில்லையே!" என்றேன்.

காரிடாரில் தண்ணீர் பாட்டில் தள்ளிக்கொண்டு வந்த ரூம் பாய் எங்கள் இருவரையும், பைகளையும், என் கைலியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு லிஃப்டுக்குள் போய்விட்டான்.